பொதுக்காரியத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு: தெரு, வீடு, மின்சாரம்

நடக்க இடமில்லை, பஸ் நேரத்துக்கு வருவதில்லை, வாடகை கட்டி மாளவில்லை, மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. நகரத்தில் இருக்கும் எவருக்கும் இந்தப் புலம்பல் புதிதில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு வந்தும், எங்கே போய் யாரிடம் என்ன கேட்பது என்று பிடிபடாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போக்குவரத்து, குடியிருப்பு, எரிசக்தி மூன்றுக்கும் அரசாங்கத்தில் மூன்று அலுவலகங்கள் இருக்கும். குடும்பத்தின் மாதச் செலவில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வேலை ஒரு மூலையில் இருக்க, இருபது கிலோமீட்டர் தள்ளி மலிவு வீடு கட்டிக் கொடுத்தால், வாடகையில் மிச்சமானது பெட்ரோலில் கரைந்துவிடும். வெயில் நேராக அடிக்கும்படி கண்ணாடிச் சுவர்க் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தால், அதன் ஏசி ஓடுவதற்கு அடுத்த முப்பது வருடம் ஊர் மின்சாரம் கொடுத்தாக வேண்டும். ஆகவே எந்த முனையைப் பிடித்துத் தொடங்கினாலும் மற்ற இரண்டும் தானாக வந்து சேரும். எதில் தொடங்குவது என்று யோசித்து மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

"நகரம் முழுக்க சைக்கிள் பாதை வேண்டும்" என்று தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் நாலு கூட்டத்தோடு கலைந்துவிடுகின்றன. அந்தக் கோரிக்கைக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடிய அதிகாரி யாருமே இல்லை என்பதுதான் காரணம். "இந்தப் பள்ளிக்கூட வாசலிலிருந்து அந்தப் பஸ் நிறுத்தம் வரை, 400 மீட்டர்" என்று கேட்டால் அதற்கு ஓர் உதவிப் பொறியாளர் பொறுப்பு. அவருக்கு ஒரு பெயர், ஒரு மேசை, ஒரு கோப்பு உண்டு.

நீங்கள் தினமும் புழங்கும் இடமாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தெரு, ஒரு சந்திப்பு, ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மழையில், இரவில், விடுமுறை நாளில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பவரிடம் இல்லாத பலம் அது.

அப்புறம் அளந்து பாருங்கள்

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஆதங்கத்தோடு பேசுபவர்களை அதிகாரிகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். கையில் அளவோடு வருபவர்கள் அபூர்வம்.

ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேராக நடைபாதையில் போங்கள். கோப்பில் 2 மீட்டர் அகலம் என்று எழுதியிருக்கும். நேரில் பார்த்தால் சுவரோரம் மின்பெட்டி ஒன்று 70 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு எதிரே மரத்தைச் சுற்றிக் கட்டிய திண்டு 60 சென்டிமீட்டர். நடுவில் மிஞ்சுவது 70. சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டராவது வேண்டும். இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 180 வேண்டும். அந்த 70 என்ற எண்ணையும், நாடா தெரியும்படி எடுத்த ஒரு படத்தையும் வைத்துக்கொண்டால், "நடைபாதை போட்டாச்சே" என்ற பதிலை யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

அடுத்து, சாலையைக் கடக்கும் சிக்னல். பச்சை மனிதன் எரியத் தொடங்கியதிலிருந்து சிவப்பு வரும் வரை எத்தனை விநாடி என்று கைபேசியில் குறியுங்கள். சாலையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்பது பொறியாளர்கள் பரவலாகக் கையாளும் கணக்கு. 14 மீட்டர் சாலையைக் கடக்க அந்தக் கணக்கில் 12 விநாடி போதும். கைத்தடி ஊன்றி வரும் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் போகிறார் என்றால், அவருக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். சிக்னல் 12 விநாடியில் மாறினால் அவர் நடுச்சாலையில் மாட்டிக்கொள்வார். இதைச் சரிசெய்யத் தோண்ட வேண்டாம், கட்ட வேண்டாம். சிக்னல் பெட்டிக்குள் ஓர் எண்ணை மாற்றினால் போதும். புதிய குழுவுக்கு முதல் வெற்றியாக நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மூன்றாவது, ஆள் எண்ணிக்கை. ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: நடப்பவர், சைக்கிள், இருசக்கர வாகனம், கார், பஸ், சரக்கு வண்டி. இடப்பக்கத்தில் கால் மணி நேரத்துக்கு ஒரு வரி. வாரத்தின் நடுவில் வரும் ஒரு சாதாரண நாளில், காலை நெரிசலில் இரண்டு மணி நேரமும் மத்தியானத்தில் ஒரு மணி நேரமும் எண்ணினால் போதும். எண்ண வேண்டியது தலைகளை. வண்டிகளை எண்ணினால் ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸும் ஒருவர் ஓட்டும் காரும் ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிடும். எத்தனையோ நகரங்களின் சாலைகள் இந்தக் கணக்கை வைத்தே வரையப்பட்டு, பஸ்ஸில் போகிறவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் கார்கள் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் போகலாம், பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் போகலாம், நடைபாதையாக விட்டால் 9,000 பேர் வரை போகலாம் என்று வட அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து அதிகாரிகள் கூட்டமைப்பான நாக்டோ கணக்கிட்டிருக்கிறது. உங்கள் தெருவின் எண்ணிக்கையை இதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பஸ்ஸுக்கு இன்னும் சுலபம். நிறுத்தத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நேரத்தை எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று அட்டவணை சொன்னால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். ஆனால் இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வந்து, அப்புறம் இருபது நிமிடம் ஒன்றுமே வராமல் இருந்தால் காத்திருப்பு 10 நிமிடமாகிவிடும். மணிக்கு ஆறு பஸ் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். நிற்பவரின் கால்வலி இரண்டு மடங்கு. இந்தச் சமயத்தில் "இன்னும் பஸ் விடுங்கள்" என்று கேட்டால் பணமில்லை என்பார்கள். "இடைவெளியைச் சீராக்குங்கள், முதல் நிறுத்தத்தில் புறப்படும் நேரத்தைக் கண்காணியுங்கள்" என்று கேட்டால் மறுப்பது கடினம்.

வண்டிகளின் வேகமும் முக்கியம்தான், அதை நீங்களே துல்லியமாக அளப்பது சிரமம் என்றாலும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி ஏற்படுத்தும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளி வாசலில் வேகத்தடையோ மேடான கடவையோ (சாலையைக் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுவது) கேட்கும்போது இந்த ஒரு வரி உதவும்.

யார் கையில் இருக்கிறது, எப்போது

ஒரே தெருவில் தார்ச்சாலை ஒரு துறையிடமும், நடைபாதை நகராட்சியிடமும், சிக்னல் காவல்துறையிடமும், பஸ் நிறுத்தம் போக்குவரத்துக் கழகத்திடமும், மின்பெட்டி மின்வாரியத்திடமும் இருக்கலாம். நடைபாதையை அகலப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுத்தால் "மின்பெட்டி எங்களுடையது இல்லையே" என்பார்கள். உண்மையும் அதுதான். அதனால் முதலிலேயே ஒரு தாளில் தெருவை வரைந்து, ஒவ்வொரு பொருளின் மேலும் அதற்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெயரை எழுதிவையுங்கள். தெரியாததைக் கேட்டு நிரப்புங்கள். இதற்கு ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை. ஒரு வருட அலைச்சல் மிச்சமாகும்.

அப்புறம் காலம். மனு எப்போது போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பாதி விளைவு. நிதியாண்டு தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, எந்த வார்டுக்கு என்ன வேலை என்ற பட்டியலைப் பொறியாளர்கள் தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் உங்கள் ஒரு பக்க மனு மேசையில் இருக்க வேண்டும். பட்ஜெட் வாசித்த மறுநாள் கொடுக்கும் மனு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குத்தான்.

பட்ஜெட்டைவிடச் சுலபமான ஒரு வாய்ப்பும் இருக்கிறது: தார் போடப் போகும் சாலைகளின் பட்டியல். புதிதாகத் தார் போட்டதும் எப்படியும் கோடுகளை மறுபடி வரைந்தாக வேண்டும். அப்போது பழைய இடத்திலேயே வரையாமல் கார்த் தடத்தை ஒடுக்கி, சைக்கிளுக்கோ பஸ்ஸுக்கோ இடம் விட்டு வரைவதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. போட்டு முடித்த ஆறு மாதத்தில் போய்க் கேட்டால் அதே வேலை தனித் திட்டமாகிவிடும். உங்கள் பகுதிப் பட்டியலை ஆண்டுதோறும் கேட்டு வாங்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

ஆவணம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஸ்வீடன் 1766-லேயே இதற்குச் சட்டம் போட்டது. இந்தியாவில் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இன்று பல நாடுகளில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இதில் புதியவர்கள் பெரும்பாலும் கேள்வியில்தான் கோட்டைவிடுகிறார்கள். "ஏன் இன்னும் நடைபாதை போடவில்லை?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. "இந்தச் சாலைப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், ஒப்பந்த எண், வேலை முடிய வேண்டிய தேதி, ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு எந்தத் தேதி வரை" என்று கேளுங்கள். இவை எல்லாமே கோப்பில் இருக்கும் தாள்கள். நகல் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்பதால் பதில் வரவும் வாய்ப்பு அதிகம்.

சில ஊர்களில் பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவு செய்யும் முறை இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் இதைத் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி முன்னுரிமை தந்த பிறகு, ஏழைக் குடியிருப்புகளுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் போய்ச் சேர்ந்தன. அதைப் பார்த்து உலகெங்கும் எத்தனையோ நகரங்கள் பின்பற்றின. 2017-இல் அதே போர்ட்டோ அலெக்ரேயில் அது நிறுத்திவைக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் நடக்கிறது என்றால் ஒன்றைக்கூட விடாமல் போங்கள்.

ஆள் சேர்ப்பது

ஐந்தாறு பேர் போதும். ஒருவர் கணக்குப் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் அலுவலகத்துக்குப் போய்வர, ஒருவர் தெருவில் எல்லோரையும் தெரிந்தவராக. கடைசியில் சொன்னவர்தான் கிடைப்பதற்கு அரியவர்.

கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்தால் சமையலறையில் இருப்பவர்கள் வர மாட்டார்கள். விடியற்காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகும் துப்புரவுப் பணியாளர்கள் அந்த நேரத்தில் தூங்கப் போயிருப்பார்கள். தெருவை அதிகம் பயன்படுத்துபவர்கள் அவர்கள். அவர்கள் வர முடியாவிட்டால் நீங்கள் நிறுத்தத்துக்குப் போய்ப் பேசுங்கள். நடைபாதை வியாபாரிகளையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அகலமான நடைபாதை கேட்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருக்களில் இருட்டிய பிறகு நடக்க ஆளில்லாமல் போய்விடுகிறது, பிழைப்பும் போகிறது. கடைக்கு ஓரிடம், நடப்பதற்கு ஓரிடம் என்று கோடு போட்டுக் கேட்பதுதான் நியாயம்.

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். கார் நிறுத்த இடம் போனால் வியாபாரம் போகும் என்பது அவர்களுடைய பயம். அதை அலட்சியப்படுத்தாதீர்கள். பிரிஸ்டல், பெர்லின் போன்ற நகரங்களின் கடைத்தெருக்களில் நடத்திய ஆய்வுகளில், எவ்வளவு பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்தது ஒன்று, உண்மையில் வந்தது அதைவிட நன்றாகக் குறைவு என்று தெரியவந்தது. ஆனால் ஆய்வைக் காட்டி வாதாடுவதைவிட, அந்தக் கடை வாசலிலேயே அவர் சம்மதத்தோடு ஒரு நாள் நின்று, வருபவரிடம் "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதுவது நல்லது. தன் கடையின் கணக்கை அவர் நம்புவார்.

எதிர்ப்பவர் சில சமயம் திட்டத்தையே மேம்படுத்துவார். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் மிடில்குருண்டன் என்ற காற்றாலைப் பண்ணை இருக்கிறது. முதலில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் என்றுதான் திட்டம். பார்வைக்கு உறுத்துகிறது என்று மக்கள் ஆட்சேபித்தார்கள். கேட்டுக்கொண்டு, மெல்லிய வளைவாக ஒரே வரிசையில் 20 என்று மாற்றி 2000-இல் கட்டினார்கள். பாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு. மற்றப் பாதி நகரின் மின்நிறுவனத்துக்கு. ஆட்சேபணை வந்தபோது வரைபடத்தை மறுபடி மேசையில் விரிக்க அவர்கள் தயாராக இருந்தார்கள்.

மனுவும் சோதனை ஓட்டமும்

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே இடத்தின் பெயரும் வரைபடமும். நடுவில் நீங்கள் அளந்த நாலைந்து எண்கள். கீழே கோரிக்கை, ஒன்றே ஒன்று. இப்படி இருக்கலாம்:

"இந்தப் பள்ளியின் வாசலில் காலை 8 முதல் 9 மணிக்குள் சாலையைக் கடப்பவர்களை எண்ணி இணைத்துள்ளோம். அருகிலுள்ள கடவை 250 மீட்டர் தள்ளி இருக்கிறது. வாசலுக்கு நேரே மேடான கடவை ஒன்றை வரும் நிதியாண்டில் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நேரில் வந்து பார்வையிட்டால் நாங்கள் உடன் இருந்து காட்டத் தயார்."

கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், எண்ணைக் குறித்துவையுங்கள். கவுன்சிலருக்கும் ஒரு நகல். திட்டித் தீர்க்கும் வரிகளை எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கப்போகும் இளநிலைப் பொறியாளர் பல நேரம் உங்கள் பக்கத்து ஆள். மேலிடத்தில் பேச அவருக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

நிரந்தர மாற்றம் கேட்டால் தயங்குவார்கள். சோதனை ஓட்டம் கேளுங்கள். ஸ்டாக்ஹோம் நகரில், நகரின் உட்பகுதிக்குப் போய்வரும் வண்டிகளிடம் நெரிசல் கட்டணம் வாங்கலாம் என்றபோது பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை சோதனையாக வசூலித்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது நகர மக்களில் பெரும்பான்மை ஆதரித்தது, 2007-இல் நிரந்தரமானது. கூட்டத்தில் உட்கார்ந்து பேசி மாறாத மனம், நெரிசல் குறைந்த தெருவில் நடந்து பார்த்து மாறியது. அளவில் இதைவிடப் பெரியது போகோட்டா. 1974 டிசம்பரில் ஒரு நாள் சில சாலைகளை வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டார்கள். இன்று ஞாயிறுதோறும் 120 கிலோமீட்டருக்கும் மேல் அப்படித் திறக்கிறார்கள்.

உங்கள் அளவுக்கு ஒரு தெரு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆனால் சோதனைக்கு முன்னும் எண்ணுங்கள், நடக்கும்போதும் எண்ணுங்கள், பக்கத்துத் தெருக்களிலும் எண்ணுங்கள். முந்தைய எண்ணிக்கை இல்லாத சோதனையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. "நெரிசல் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லாம் வீண்.

சில சமயம் பொறுமை சரியான வழி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் 1971 என்ற ஒரே ஆண்டில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். பெற்றோர்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். இன்று உலகம் வியக்கும் அந்த நாட்டின் சைக்கிள் பாதைகளுக்கும் மெதுவான குடியிருப்புத் தெருக்களுக்கும் பின்னால் அந்தப் பெற்றோர்களின் கோபமும் இருக்கிறது. உங்கள் சந்திப்பில் உயிர் போயிருக்கிறது என்றால், அடுத்த பட்ஜெட் வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

வீடு: கடினமான பகுதி

தெருவில் ஒரு வருடத்தில் விளைவைக் காணலாம். குடியிருப்பில் பத்து வருடம் ஆகலாம். ஆனாலும் புதியவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் நகரின் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) திருத்தப்படும்போது, ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் சொல்ல ஒரு குறிப்பிட்ட காலம் தருவார்கள். அந்த அறிவிப்பு நாளிதழின் மூலையில் வந்து போய்விடும். அதைக் கவனிப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பஸ், ரயில் நிலையங்களுக்கு அருகில் எவ்வளவு உயரம் அனுமதி, எத்தனை கார் நிறுத்தம் கட்டாயம் என்ற இரண்டு விதிகளை முதலில் தேடிப் படியுங்கள். ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டர். அது உள்ளே வந்து திரும்ப வேண்டிய வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர். அது ஒரு சின்ன வீட்டின் அளவு. கார் இல்லாத குடும்பமும் அந்த இடத்துக்கான விலையைத் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டுகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் நகர் முழுக்க இந்தக் கட்டாயத்தை நீக்கியது. பிறகு வேறு பல நகரங்களும் அதே வழியில் போயிருக்கின்றன.

பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன் "பழுதுபார்த்தால் ஆகாதா?" என்று கேளுங்கள். சிமெண்டும் இரும்பும் தயாரிக்கச் செலவான ஆற்றல் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. இடித்தால் அது குப்பை.

பக்கத்தில் குறைந்த வருமானக் குடியிருப்பு வருகிறது என்றால் எதிர்க்கத்தான் ஆட்கள் கூடுவார்கள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் வீடு வருவதை ஆதரித்துப் பேச ஐந்து பேர் போனால், அது அபூர்வம் என்பதாலேயே கவனிக்கப்படும். பேசப் போகும்போது வியன்னாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1923-இல் அந்த நகரம் பெரிய வீடுகளுக்குக் கூடுதலாக விழும்படி ஒரு குடியிருப்பு வரி போட்டு, 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. இன்று ஏறத்தாழ 2,20,000 வீடுகள் அந்த நகராட்சிக்குச் சொந்தம். ஒரு நகராட்சியால் முடியாத வேலை இது என்று யாராவது சொன்னால் இதுதான் பதில்.

இன்னொன்று. நல்ல நடைபாதையும் பூங்காவும் ரயிலும் வந்ததும் வாடகை ஏறும். அவற்றுக்காகப் போராடிய வாடகைதாரரே வெளியேற நேரிடும். அதனால் தெருவைச் சீராக்கக் கேட்கும்போதே வாடகைப் பாதுகாப்பையும் கேளுங்கள். நிலம் ஓர் அறக்கட்டளையிடம் நிரந்தரமாக இருக்க, அதன் மேல் உள்ள வீட்டை மட்டும் குடும்பங்கள் வாங்கி, விற்கும்போது முன்பே ஒப்புக்கொண்ட கணக்கின்படி விற்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பர்லிங்டன் நகரம் 1984-இல் நகராட்சிப் பணத்தோடு இதைத் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

மின்சாரம்: உங்கள் கட்டடத்திலிருந்தே

சூரியத் தகட்டில் தொடங்காதீர்கள். மின்கட்டண ரசீதில் தொடங்குங்கள். குடியிருப்போர் சங்கத்திடம் பொதுப் பயன்பாட்டுக்கான கடந்த ஒரு வருட ரசீதுகளைக் கேட்டு, மாதவாரியாக யூனிட்டுகளை எழுதுங்கள். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவது. அப்புறம் மோட்டார் அறைக்குப் போங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் சுமார் 3.7 கிலோவாட். தொட்டி நிரம்பிய பிறகும் யாரும் அணைக்காமல் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால், வருடத்துக்கு 1,350 யூனிட் வழிந்தோடுகிறது, தண்ணீர் தனி. நீர்மட்டம் பார்த்துத் தானே அணையும் ஒரு கருவி அதை நிறுத்திவிடும். மாடிப்படி விளக்குகள், லிஃப்ட், வண்டி நிறுத்துமிட விசிறிகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடுத்து வெப்பம். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் மேல்மாடி வீட்டுக்காரருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியும். ஜன்னலுக்கு நிழல் வெளியே இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே வந்துவிட்டது. குளிர்ப் பிரதேசங்களில் இதே வேலையைச் சுவரின் வெப்பக் காப்புறை செய்யும். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் 1991-இல் கட்டிய முதல் பாஸிவ் ஹவுஸ் (வெப்பமூட்ட மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் வீடு) வரிசையின் அனுபவத்திலிருந்து, வெப்பமூட்ட ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்ற தரமே உருவானது.

செலவைக் குறைத்த பிறகு சூரிய மின்சாரம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 10 சதுர மீட்டர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நன்றாக அடிக்கும் இடங்களில் நாளொன்றுக்கு 3 முதல் 5 யூனிட் வரும். காலையிலும் மாலையிலும் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். தகடுகளை ஒரே வரிசையாக இணைத்திருந்தால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். தகடு 25 வருடம் இருக்கும். எனவே மாடியில் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்; தகடு போட்ட பின் மாடியைக் கொத்துவது பெரிய தொல்லை. தகட்டின் மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரைப் பத்து வருடத்துக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம், அதற்கும் நிதி ஒதுக்குங்கள். மிச்ச மின்சாரத்தை மின்வாரியம் எப்படிக் கணக்கில் எடுக்கும், மேல்மாடிக்காரருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் பங்கு என்ன என்பதைக் கையெழுத்தோடு எழுதிவையுங்கள். பெரும்பாலான சண்டை இங்கேதான் வருகிறது.

இப்படிச் சின்னதாகத் தொடங்கி எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு ஷோனாவ் ஓர் உதாரணம். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் சுமார் 2,500 பேர் வாழும் ஊர். 1986-இல் செர்னோபில் அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு சில பெற்றோர்கள் கூடினார்கள். முதலில் அவர்கள் நடத்தியது, யார் வீட்டில் மின்சாரம் அதிகம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்ற போட்டி. மின்நிறுவனம் ஒத்துழைக்காதபோது, ஊரின் மின்கம்பிகளையே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். இரண்டு முறை ஊர் வாக்கெடுப்பில் ஜெயித்து, நாடெங்கும் நிதி திரட்டி, 1997-இல் வாங்கியும்விட்டார்கள். அந்தக் கூட்டுறவு இன்றும் மின்சாரம் விற்கிறது. 2013-இல் ஹாம்பர்க் நகரமே மின்கம்பிகளைத் திரும்ப வாங்க வாக்களித்தது, நூலிழை வித்தியாசத்தில்: 50.9 சதவீதம்.

வேலை நடந்த பிறகு

கடவை வந்துவிட்டது, நடைபாதை போட்டாயிற்று. உங்களுக்கு உதவிய பொறியாளருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். அவருடைய மேலதிகாரிக்கு நகல் அனுப்புங்கள். அவர்களுக்கு வருவது எல்லாம் புகார்க் கடிதம்தான்.

பழைய இடத்திலேயே, பழைய கட்டங்களோடு மறுபடி எண்ணுங்கள். கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். அடுத்த மனுவை நம்பிப் படிக்க வைப்பது அந்த நேர்மைதான்.

முதல் பெரிய மழைக்குப் போய்ப் பாருங்கள். மேடான கடவையின் ஓரத்தில் தண்ணீர் தேங்குகிறதா, ஓடு பெயர்ந்திருக்கிறதா, சரிவின் அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா? முன்பு வாங்கிய ஒப்பந்த நகலில் ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு முடியும் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் புகார் போனால் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் நகராட்சி புதிதாக நிதி ஒதுக்க வேண்டும். எனவே அதற்கு இரண்டு மாதம் முன்பாக ஒரு நாளைக் குழுவின் நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். அன்றைக்கு அளவு நாடாவோடு ஒரு சுற்று நடந்து, பழுதுகளைப் படம் எடுத்து, ஒப்பந்த எண்ணைப் போட்டு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காதீர்கள்.